எட்டாயிரத்து நானூறு நீல அட்டைகள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை பென்சில் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்குத் தும்மல் நின்றதா? மண் பை நிரப்பும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேனே, கட்டுகிறார்களா? அப்புறம், உன் எட்டாயிரத்து நானூறு பிள்ளைகளும் சௌக்கியமா?

மேட்டில் சிக்னல் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே இறங்கிவந்து போன் பண்ணினாலும் நீ "ம்", "சரி", "வெச்சிடவா" என்ற மூன்றைத் தாண்டுவதில்லை. நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் பக்கம் பக்கமாகக் கடிதம் போட்டவன் நீ. அதனால் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவோம். ஒரு கடிதத்துக்கு ஒரு பதில், ஏமாற்றக் கூடாது.

என் வேலை என்னவென்று அண்ணி கேட்டார்கள், அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. செப்டம்பரில் கால்பந்துக் கோப்பைப் போட்டி. பதினோரு ஊர்களில் ஆட்டம். அதைப் பார்க்க வருகிறவர்களால் எவ்வளவு புகை வானத்துக்குப் போகிறது என்று கணக்கெடுப்பது எங்கள் பிரிவு. மூன்றாம் மாடியில் ஜெராக்ஸ் மெஷினை ஒட்டி நாலு நாற்காலி, அதுதான் பிரிவு. மொத்தப் புகை நூறு மூட்டை என்று வைத்துக்கொள். அதில் எண்பத்திரண்டு மூட்டை ரசிகர்கள் வந்துபோகிற விமானத்திலிருந்து வருகிறது. மைதானத்து விளக்கு, புல், ஓட்டல், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து மிச்சம் பதினெட்டு. ஆனால் எங்கள் அலுவலகத்தில் மூன்று வாரமாகக் கூட்டம் போட்டுப் பேசுவது, குளிர்பானத்துக்குக் காகிதக் குழாய் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பற்றி. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள்.

நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். ஆட்டத்துக்கு வாங்குகிற டிக்கெட்டே ரயில் டிக்கெட். ஊருக்கு ஊர் விமானம் ஏறாமல் ரசிகர்கள் ரயிலில் போகலாம். நாற்பத்தாறு சிறப்பு ரயில். ரயில்வேக்காரர்கள் ஜூன் முப்பதுவரை தடத்தை எங்களுக்காக ஒதுக்கிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் பன்னிரண்டாம் தேதி பெரிய கூட்டம். அதில் சரி என்று சொல்லிவிட்டால் எண்பத்திரண்டு மூட்டை ஐம்பதாகும். அண்ணா, நான் பிறந்ததிலிருந்து உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

அதற்கு மேல் மிஞ்சுகிற புகையைக் குடிக்கத்தான் நீ காவல் காக்கிற மரங்கள். கணக்கெடுக்க ஒவ்வொரு கன்றிடமும் நீ குனிய வேண்டாம். குழிக்குப் பக்கத்தில் குச்சியில் நீல அட்டை இருக்கிறதல்லவா, அதை நின்றபடியே படம் எடுத்தால் போதும். கன்று சின்னது, புல்லில் மறைந்துவிடும் என்று காரணம் காட்டி விதியில் நான்தான் அப்படி எழுதினேன். நிஜக் காரணம் உன் முழங்கால். யாரிடமும் சொல்லிவிடாதே.

அண்ணிக்கு என் அன்பு.
உன் பென்சில்

பிப்ரவரி 21

என் அருமைப் பென்சிலுக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால் மழை வருமுன் வலிக்கும் என்பார்கள். இந்த வருஷம் வலியே இல்லை, பார்த்துக்கொள். உன் அண்ணி மூக்கில் துணி கட்டியிருக்கிறாள், அதனால் என்னைத் திட்டுவது பாதிதான் கேட்கிறது. உனக்குக் கோடி புண்ணியம்.

இங்கே தகரக் கூரை போட்ட ஒரு அறை, வாசலில் தண்ணீர் டிரம், எதிரே மேடு. மேட்டில் எண்பத்து நாலு வரிசை. வரிசைக்கு நூறு குழி. காலையில் வெயில் ஏறுமுன் பார்த்தால் நீல அட்டைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை தப்பாமல் நிற்கும். நான் பத்து வரிசை நடப்பதற்குள் எருமை மாடு இரண்டு தடவை என்னை முந்திக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில் நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினால் "எக்ஸ்பிரஸ் வருதுடா, வழிய விடு!" என்று கத்துவார்கள். அதை அந்த மாட்டிடம் சொன்னேன். அது நம்பவில்லை.

தண்ணீர் லாரிக்காரர் நல்ல மனுஷன். கீழே விளையாட்டு அணிகளுக்காகப் புதிதாகப் பயிற்சி மைதானம் போட்டிருக்கிறார்கள், அந்தப் புல்லைப் பற்றியே பேசுகிறார். கால் வைக்கவே மனசு வராதாம், அவ்வளவு பச்சையாம்.

உன் ரயில் திட்டம் ரொம்ப நல்ல திட்டம். யார் என்ன சொன்னாலும் விட்டுவிடாதே. நீ எனக்கு வாங்கிக் கொடுத்த வேலை இது. உனக்குக் கெட்ட பேர் வரும்படி நான் ஒன்றும் செய்ய மாட்டேன்.

இங்கு அனைவரும் நலம், எட்டாயிரத்து நானூறு பேரையும் சேர்த்து.

இப்படிக்கு,
அண்ணன் (முன்னாள் எக்ஸ்பிரஸ், இந்நாள் பாசஞ்சர்)

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. நீங்கள் இரண்டு பேரும் வெயிலில் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடிதம் பார்த்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். ஆனால் கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. "அனைவரும் நலம்" என்று நம் வீட்டில் யாராவது எழுதினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அப்பா போய் ஒன்பது நாள் ஆன பிறகும் அம்மா எனக்கு அப்படித்தான் எழுதினாள். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தாளாம். நான் பரீட்சை முடிந்து, அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது நீ. உன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சட்டையை நீதான் ரொம்ப நாள் போட்டாய், தோளில் தொளதொளவென்று இருக்கும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மரம் பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி, எனக்கு உள்ளது உள்ளபடி எழுது. மே கடைசியில் நீ அனுப்புகிற எண்ணிக்கைதான் ஜூன் கூட்டத்துக்குப் போகும். கூட்டிக் காட்ட வேண்டாம், குறைத்தும் காட்ட வேண்டாம்.

ஒரு ரசிகரின் பயணத்தைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆட்டம் வடக்கு மூலையில், அடுத்தது கடற்கரை ஊரில், மூன்றாவது மறுபடி வடக்கில். வந்து திரும்புவதையும் சேர்த்து மூன்று ஆட்டத்துக்கு நாலு விமானம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரு அணிக்கு ஆட்டம் வைத்தால் என்ன என்று கேட்டேன். டிவிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். பாதி டிக்கெட்டை ரயில் தூரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் விற்றால் என்ன என்று கேட்டேன். ஓட்டல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். கையில் மிச்சம் இருப்பது ரயில் ஒன்றுதான்.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல்.
உன் பென்சில்

ஏப்ரல் 24

பென்சிலுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. தொண்டைக்கு வெந்நீர் குடி. இங்கே நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டது நான்தான். உனக்குத் தெரியுமோ என்னவோ.

மரங்கள் எல்லாம் நலம். வெயில் கொஞ்சம் அதிகம்.

அண்ணன்

மே 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் நாலே வரி. அண்ணிக்கும் உனக்கும் சண்டையா? இல்லை, முழங்கால் மறுபடி வீங்கிவிட்டதா? ஒரு மனுஷன் ஒன்றரை மாதம் யோசித்து "வெயில் கொஞ்சம் அதிகம்" என்று எழுதினால் தங்கை என்ன நினைப்பாள்?

அந்தக் கடிதத்தைப் போட்டது நீ என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததில் வருத்தமும் இல்லை. நீயும் அப்போது சின்னப் பையன்தான், அம்மா சொன்னதைச் செய்தாய்.

இங்கே அறுபது பக்க அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். ரயில்வே அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தேன். அங்கே தட அட்டவணை போடுகிற அம்மாள் ஒருத்தர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "நாப்பத்தாறையும் பென்சில்லதான் போட்டு வெச்சிருக்கேன். உங்க கடிதம் வந்தா பேனாவால எழுதிடுவேன்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணா, உன் எண்ணிக்கை எப்படி வந்தாலும் என்னைப் பற்றி நினைக்காதே. உன் வேலைக்கு நான் பொறுப்பு. இதற்கு மேல் விளக்கமாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எழுதக் கூடாது. எழுதினால் உன் கை என் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டம் முடியட்டும், சொல்கிறேன்.

மழை பெய்ததா? அதை மட்டுமாவது எழுது.
உன் பென்சில்

மே 29

பென்சிலுக்கு,

நலம். உன் நலத்தைத் தவிர எங்களுக்கு இங்கே வேறு வேண்டுதல் இல்லை.

படங்கள் எல்லாம் எடுத்து முடித்து, கீழே போய் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். எட்டாயிரத்து நானூறில் எட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு நிற்கின்றன. மிச்சம் மாடு முட்டியது, காற்றில் சாய்ந்தது.

நீ என் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறாய். நான் உன் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறேன். அண்ணன் தங்கை என்றால் அப்படித்தான். பெரிய கூட்டத்தில் தலை நிமிர்ந்து பேசு. "எங்க அண்ணன் வளர்த்த மரம்" என்று மனசுக்குள் நினைத்துக்கொள். பயம் வராது.

மழை வரும் என்கிறார்கள்.

அண்ணன்

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

கூட்டம் நடந்தது. நீள மேசை, இருபத்திரண்டு பேர். நான் அறிக்கையில் பாதிதான் படித்திருப்பேன். எங்கள் மேலாளர் கையைத் தூக்கிவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. மரம் எத்தனை பொழைச்சிருக்கு?"

"எட்டாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு."

"நூத்துக்குத் தொண்ணூத்தேழுக்கு மேல! பிரமாதம். மரம் நட்ட மத்த பன்னெண்டு எடத்துலயும் உங்க அட்டை முறையிலதான கணக்கு எடுத்தாங்க? அங்கயும் இதேதான். புகையத்தான் மரம் குடிச்சிடுதே, அப்புறம் ரயில் எதுக்கு? ஒன்பது மணி நேரம் யாரு உக்காந்துட்டு வருவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரயில் பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த அரை மணி நேரம், டிக்கெட்டின் பின்பக்கம் என்ன வாசகம் அச்சடிப்பது என்று பேசினார்கள்.

இப்போது சொல்லலாம். ஆறாவது விதி ஒன்று இருக்கிறது. கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போனால் மரத்தைக் கணக்கில் காட்டக் கூடாது, புகையை நிஜமாகவே குறைக்க வேண்டும் என்று. அதாவது ரயில் விட்டே ஆக வேண்டும். முதலிலேயே உனக்கு இதைச் சொல்லியிருந்தால், எனக்காக நீ எண்ணிக்கையைக் குறைத்து எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? பொய்க் கணக்கில் என் ரயில் ஓட வேண்டாம் என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கன்றுகள் பிழைத்துவிட்டனவே என்று அழுகிற ஒரே ஆள் இந்த உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். நீ கஷ்டப்பட்டு வளர்த்தது. சந்தோஷப்பட வேண்டும். கொஞ்ச நாள் போகட்டும், படுகிறேன்.

ரயில்வே அம்மாள் முப்பதாம் தேதிவரை அழிக்க மாட்டாராம். எதை நம்பி அப்படிச் சொல்கிறாரோ.

உன் பென்சில்

ஜூன் 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பிடாமல் இருக்காதே.

உன் கடிதத்தை உன் அண்ணன் டிரம் பக்கத்தில் நின்று படித்தார். படித்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். குனிந்து குனிந்து அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நாலாவது நாள்.

அங்கே மரம் ஒன்றும் இல்லை. ஜனவரிக்கு அப்புறம் தண்ணீர் லாரி இரண்டே தடவைதான் வந்தது. வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டிய வண்டி. கீழே மைதானத்துப் புல்லுக்குப் போய்விட்டது. லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார், அவர் மேல் தப்பில்லை. நாங்கள் குடத்தில் சுமந்தோம். எத்தனை சுமப்பது? மார்ச் மாதமே எல்லாம் சருகு. நூற்றில் மூன்று பச்சையாக இருந்தால் அதிகம். நான் பையில் முளைக்க வைத்து அனுப்புகிறேன், அங்கே போய்ச் சாகின்றன. என் கையால் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி இருக்கிறது.

"தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க" என்று தினமும் சண்டை போட்டேன். "மரம் செத்துச்சுன்னு தெரிஞ்சா அவ திட்டமே போயிடும். அவ மொகத்துல முழிக்க முடியாது. அட்டையத்தான படம் எடுக்கச் சொல்லியிருக்கா, அட்டை நிக்குதுல்ல?" என்றார். செத்த மரம்தான் உனக்கு வேண்டியிருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அட்டை போனால் அந்தக் கணக்கும் போகும் என்றுதான் இப்போது பிடுங்குகிறார்.

இதை எழுதியது அவருக்குத் தெரியாது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா பார்.

உன் அண்ணி

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. நான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு இன்றைக்கு முகமில்லை.

அன்றைக்கே மேலாளரிடம் ஓடினேன். கடிதத்தை முழுசாகப் படித்தார். என் பக்கம் தள்ளிவைத்தார்.

"நாலாவது விதிய எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அதுல என்ன இருக்கு? அட்டை நின்னா கன்னு இருக்குன்னு அர்த்தம். மே மாசம் அட்டை நின்னுதா இல்லையா? நின்னுது. படம் இருக்கு. இப்ப ஒருத்தர் அதப் புடுங்கிப் போட்டா, அது அவரு மேல நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம். உங்க அண்ணன்னு சொல்றீங்க, அதனால நான் இத படிக்கலன்னு வெச்சுக்கறேன்."

"சார், பதிமூணு எடத்துலயும் இதே கதையாத்தான் இருக்கும். ஒரு எடத்தையாவது போய்ப் பாத்துட்டு வரலாம்."

"எதுல போறது? விமானத்துலயா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

முப்பதாம் தேதி ரயில்வே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். போட்டிக் கமிட்டியிலிருந்து கடிதம் இல்லாமல் அந்த அம்மாளால் ஒன்றும் செய்ய முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஐந்து மணிவரை பொறுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து, அட்டவணையில் ஒவ்வொன்றாக அழித்தார். நாற்பத்தாறையும் அழித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சரக்கு வண்டிக்குக் குடுத்துட்டாங்கம்மா" என்றார். ரப்பர் தூளை ஊதிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அண்ணா, உன் மேல் எனக்குக் கோபம். இல்லை என்று சொன்னால் அது பொய். மார்ச் மாதம் காலில் விழாத குறையாகக் கேட்டேன், உள்ளது உள்ளபடி எழுது என்று. ஆனால் உன்னைவிட என் மேல்தான் கோபம் அதிகம். உன் கால் வலிக்கக் கூடாது என்று நான் எழுதிய ஒரு வரி, பதிமூன்று மேடுகளில் செத்ததையெல்லாம் உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நீ இல்லை, நான்.

பிடுங்குவதை நிறுத்து. இனி யாருக்காக?

தங்கை

ஆகஸ்ட் 12

பென்சிலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பு சரியாக இல்லை. முழங்கால் பூசணி மாதிரி வீங்கி, இறங்கி, மறுபடி வீங்கியிருக்கிறது. இனி உனக்கு எழுதும்போது நிஜத்தைத்தான் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

நிறுத்தச் சொல்லி நீ எழுதுவதற்கு முன்பே பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டேன். ஏழாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு குழியிலும் குனிந்து கை வைத்துப் பார்த்தேன். அதைத்தானே முதலிலேயே செய்திருக்க வேண்டும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இருநூற்றுப் பதினொன்று உயிரோடு இருந்தன.

போன மாதம் ஒரு லாரி வந்தது. தண்ணீராக்கும் என்று உன் அண்ணி குடத்தோடு ஓடினாள். உள்ளே முழுக்கப் புது அட்டை. ஆறு பேர் இறங்கி, அதே குழிகளில் அடித்துக்கொண்டே போனார்கள். "கன்னு எங்கய்யா?" என்று கேட்டேன். "அது மழைக்கு அப்புறம் வருமாம். அட்டைதான் அவசரம்னாங்க" என்றான் ஒருவன். அடிக்கிற வேகத்தில் ஒருத்தன் உயிரோடு இருந்த ஒரு கன்றை மிதித்துவிட்டுப் போனான். அவன் பார்க்கவே இல்லை.

என்னை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பை நிரப்பும் இடத்தையும் மூடிவிட்டார்கள். இப்போது கீழே ஊரில் ஒரு அறையில் இருக்கிறோம். கோப்பைக்காக இங்கிருந்த சின்ன விமான நிலையத்தைப் பெரிசாக்கியிருக்கிறார்கள் இல்லையா, அங்கே பெட்டி ஏற்றுகிற வேலை. வேறு வேலை இந்த ஊரில் இப்போது யாருக்கும் கிடையாது. அடுத்த மாதம் ஒரு நாளைக்கு நாற்பது விமானம் வருமாம். எண்ணிப் பழகிவிட்ட புத்தி, பெட்டிகளையும் எண்ணிக்கொண்டே ஏற்றுகிறேன்.

நேற்று ஒரு பெட்டியில் போட்டிக்காரர்களின் சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இந்தப் பயணத்தின் புகையை எங்கள் மரங்கள் ஏற்றுக்கொண்டன." கீழே நீல நிறத்தில் ஒரு சின்ன மரம். பின்னால் நின்றவன், "என்னண்ணே, நின்னுட்டீங்க? தூக்குங்க" என்றான். தூக்கி உள்ளே வைத்தேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி நமக்குள் "அனைவரும் நலம்" என்று எழுத வேண்டாம். அம்மாவோடு போகட்டும் அந்த வார்த்தை.

அண்ணன்

அக்டோபர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உன் முழங்காலுக்கு யாரிடமாவது காட்டினாயா? கோப்பை முடிந்துவிட்டதே, விமான நிலையத்தில் வேலை இருக்கிறதா? அண்ணி என்ன செய்கிறார்கள்?

போட்டி நடந்த நாட்களில் நான் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலில் விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசி ஆட்டத்தன்று ஒரு மணி நேரத்தில் முப்பத்தொன்று. என் கணக்கில் எண்பத்திரண்டு மூட்டை என்று போட்டிருந்தேன். எண்பத்தெட்டு வந்தது. அச்சிட்ட அறிக்கையில் மொத்தப் புகை பூஜ்யம் என்று இருக்கிறது.

போன வாரம் ஒரு விழா. அடுத்த கோப்பை வேறு நாட்டில், பதினாறு ஊர்களில். அவர்களும் நீல அட்டை முறையையே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். அதற்காக எனக்குப் பாராட்டு. விமானத்தில்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் ஏறினேன் அண்ணா. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டேன். கைப்பையில் அண்ணியின் கடிதம் இருந்தது. மேடையில் அதைப் படித்துவிடுவது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். போய்க் கேடயத்தை வாங்கினேன். மைக்கை என் பக்கம் திருப்பினார்கள். கீழே முந்நூறு பேர். எல்லோரும் நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள், சிரித்த முகமாக இருந்தார்கள். படித்தால் இரண்டு நிமிஷம் அமைதியாக இருப்பார்கள், மூன்றாவது நிமிஷம் காபி குடிக்கப் போவார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "நன்றி" என்றேன். இறங்கிவிட்டேன். திரும்பி வந்ததும் அடுத்த கோப்பைக்கான விதிப் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். நாலாவது விதி அப்படியே இருந்தது. ஆறாவதை எடுத்துவிட்டிருந்தார்கள். போட்டுவிட்டேன்.

இத்தனை வருஷம் அம்மாவை நான் மன்னிக்கவே இல்லை. என்னை ஏமாற்ற உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினாள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அப்பா திரும்பி வரப்போவதில்லை, உண்மையை எழுதி என்ன ஆகப்போகிறது என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். கை தானாக எழுதியிருக்கும்.

அந்த வார்த்தை வேண்டாம் என்று நீ கேட்டாய். ஞாபகம் இருக்கிறது. ஒரு மணி நேரமாக வேறு ஏதாவது எழுதி முடிக்கப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை.

இங்கு அனைவரும் நலம்.

உன் பென்சில்